ஹார்டும் ஹார்ட்லியும்

தமிழில் ஒரு பண்புப்பெயரோடு 'ஆக' என்பதைச் சேர்த்தால் வினையடை கிடைத்துவிடும். அழகு, அழகாக, கடினம், கடினமாக. ஆங்கிலத்தில் இந்த 'ஆக'வின் வேலையை 'லி' என்னும் விகுதி செய்கிறது என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஸ்லோ, ஸ்லோலி, க்விக், க்விக்லி. பெரும்பாலும் பொய்க்காத விதிதான். ஆயினும் ஹார்ட் என்ற சொல்லிடம் அது நம்மைக் கைவிட்டு விடுகிறது. (இதயத்தைக் குறிக்கும் ஹார்ட் வேறு, தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே முகம்!)

விடுதி நண்பர்கள் வேலைக்கு எழுதும் விண்ணப்பங்களை என்னிடம் காட்டுவதுண்டு. அவற்றுள் ஒன்றில் 'ஐ ஸ்டடீட் ஹார்ட்லி' என்றிருந்தது. எழுதியவர் விடுமுறை நாள்களில் வயல் வேலைக்குச் சென்றுகொண்டே, ஒரு அரியர்ஸ்கூட வைக்காமல் தேறியவர். கடினமாகப் படித்தேன் என்பதே அவர் கருத்து. படிப்பவருக்கோ, 'நான் படிக்கவே இல்லை எனலாம்' என்ற எண்ணமே தோன்றும். ஹார்ட்லியை வினைக்கு முன்னே நகர்த்தி 'ஐ ஹார்ட்லி ஸ்டடீட்' என்றாக்கினால் ஐயமே இல்லை. அப்பொருளில் அது பிழையற்ற வாக்கியம். மூன்றாண்டு உழைப்பை இரண்டே எழுத்துகள் அழித்துவிடுகின்றன. நேர்காணலுக்கு அழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் கையில் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதானே?

அவர் எழுத வேண்டியது 'ஐ ஸ்டடீட் ஹார்ட்' என்பதே. ஹார்ட் பெயரடையாகவும் வரும், வினையடையாகவும் வரும். வேதியியல் மாணவர் அறிந்த 'ஹார்ட் வாட்டர்', அதாவது கடின நீர், என்பதில் அது பெயரடை. 'இட் ரெயின்ட் ஹார்ட்' என்னும்போது, மழை பலமாகப் பெய்தது என வினையைத் தழுவி நிற்பதால் வினையடை.

ஒரே சொல் இரு வேலை செய்வதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் இறுதியில் ஓர் எகர ஒலியைச் சேர்த்து வினையடை ஆக்கினார்கள். நாளடைவில் அவ்வொலி தேய்ந்து மறைந்தது. இரண்டும் ஒரே உருவாயின. ஃபாஸ்ட் என்ற சொல்லும் இவ்வாறு வந்ததே.

ஹார்ட்லியின் கதை இதைவிடச் சுவையானது. ஒரு காலத்தில் அதற்கும் 'வன்மையாக', 'கடுமையாக' என்ற பொருள்கள் இருந்தன. பிறகு 'சிரமப்பட்டு' என்றாயிற்று. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், செல்வர் விண்ணரசில் நுழைவதைப் பற்றிய மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் இப்பொருளிலேயே வருகிறது. சிரமப்பட்டு நடப்பது எப்போதாவதுதான் நடக்கும். எனவே 'இல்லை என்னும் அளவுக்கு' என்ற இன்றைய பொருள் நிலைத்துவிட்டது.

பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் உள்ள சொல் 'அரிது' என்பதாகும். நம் அரிதும் அதே வழியில் நடந்த சொல் அல்லவா? திருக்குறளின் நீத்தார் பெருமை அதிகாரத்தில் 'அரிய' என்பது செய்வதற்குக் கடினமானதைக் குறிக்கிறது. 'அவர் இந்தப் பக்கம் வருவதே அரிது' என்று இன்று நாம் பேசும்போதோ அது எண்ணிக்கைக் குறைவு. 'ஹார்ட்லி எவர்' என்ற தொடருக்கு 'அரிதாக' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஹார்ட்லியைக் 'கடினமாக' என்பதோடு சேர்க்காமல் 'அரிதாக' என்பதோடு சேர்த்து நினைவில் வைத்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

தேர்வுக்குப் படிப்போர்க்கு ஒன்றிரண்டு. ஹார்ட்லிக்குள்ளேயே எதிர்மறை அடங்கியிருப்பதால் அதனோடு 'நாட்' சேராது. 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர்' என்றாலே சரியாகக் காதில் விழவில்லை என்றாகிவிடும். இதே காரணத்தால் 'ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்' என்பதற்கு வால் வினா 'டஸ் ஹி?' என உடன்பாட்டிலேயே அமையும். வாக்கிய முதலில் ஹார்ட்லி வந்தால் 'ஹார்ட்லி ஹேட் ஐ ரீச்ட்' எனத் துணைவினை எழுவாய்க்கு முன்னே வரும். பின்பகுதி 'வென்' என்று தொடங்கும். 'தேன்' வருவது 'நோ சூனர்' என்பதற்கே உரியது.