முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்குவது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகள் பங்கு பிரியும்போதும் இடிபடும்போதும் வெளியே வரும் சாமான்கள் இங்கே வந்து சேரும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன நகரத்தார் வாங்கி வந்தவையும், பெண்ணுக்குச் சீராக வைத்தவையும் அவற்றில் உண்டு. பழைய மாதிரியில் புதிதாகச் செய்தவையும் அவற்றோடு கலந்தே கிடக்கும். கடைக்காரர் சொல்லும் கதையை ரசித்துக் கேளுங்கள். காசை மட்டும் பொருளைப் பார்த்துக் கொடுங்கள்.

1. கையில் எடுத்துப்போக வேண்டியவை

அளவு நாடா, சின்னக் காந்தம், பூதக்கண்ணாடி, டார்ச், பழைய துணி. வீட்டில் பொருளை வைக்கப்போகும் இடத்தின் நீளம், அகலம், உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பர்மா தேக்கு அலமாரி கடையில் அடக்கமாகத் தெரியும். அடுக்குமாடி வீட்டு லிஃப்டில் நுழையாது.

2. முதல் சுற்றில் வாங்காதீர்கள்

தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சும்மா பார்த்துக்கொண்டே போங்கள். ஒரே மாதிரி கூஜா நாலு கடையில் இருந்தால் அது அபூர்வப் பொருள் இல்லை என்று தெரிந்துவிடும். பிடித்ததைக் கேட்டுவிட்டுப் படம் எடுத்து, கடையையும் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்கியிருப்பதில் அடியில் உள்ளதை நீங்களே உருவ வேண்டாம். கடைப் பையனை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

3. பித்தளை, வெண்கலம்

முதலில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். அடுத்து விரலால் சுண்டுங்கள். வெண்கலம் கணீரென்று ஒலித்து, ஒலி நீண்டு அடங்கும். விரிசல் இருந்தால் பொத்தென்று நின்றுவிடும். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதை எந்தக் கடைக்காரரும் தப்பாக நினைக்க மாட்டார்.

கைபட்டுத் தேய்ந்த பொருளில் மேடு மழமழப்பாகவும் பள்ளம் அழுக்கேறியும் இருக்கும். மேடு பள்ளம் எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் யோசியுங்கள்.

பிறகு பெயர் வெட்டைப் பாருங்கள். சீர் சாமான்களில் குடும்பத்தின் தலைப்பெழுத்துகளையும் பெயரையும் வெட்டுவது செட்டிநாட்டு வழக்கம். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தியது பழைய கைவேலை. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். அதற்கு முன் ‘அண்ணாமலை’ என்று வெட்டியிருந்தால் ‘ணா’ சுழித்தும், ‘லை’ முன்னால் தும்பிக்கை வைத்தும் இருப்பதுதான் வழக்கம். நூறு வருடத்துச் செம்பு என்று சொல்லும் சாமானில் இன்றைய எழுத்து வடிவம் இருந்தால், பெயராவது பிற்பாடு வெட்டியது.

4. எனாமல்

வண்ண எனாமல் கிண்ணங்களும் அடுக்குக் கேரியர்களும் இந்தத் தெருவின் தனி ஈர்ப்பு. அடியில் உள்ள முத்திரையைப் படியுங்கள். ‘செக்கோஸ்லோவாகியா’ என்றிருந்தால் அது 1918-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த நாடே அந்த வருடம்தான் பிறந்தது. எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் உருக்கிப் பூசிய கண்ணாடி. விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். உள்பக்கம் பெயர்ந்ததில் சாப்பாடு வைக்காதீர்கள். பழைய வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம் என்பதால், சுவரில் மாட்டவும் செடி வைக்கவும் பயன்படுத்துவதே நல்லது.

5. மரம்

அஞ்சறைப்பெட்டி, மரவை, பல்லாங்குழி, மேசை எதுவானாலும் அடிப்பாகத்தையும் முதுகையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துளையிலிருந்து புது மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெட்டி என்று சொல்லுமிடத்தில் அது இருந்தால் பழுதாவது பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். வட்ட மரவையை நாடாவால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். மரம் காயக் காய ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். அதனால் பழைய கடைசல் மரவை பெரும்பாலும் சற்றே நீள்வட்டமாகியிருக்கும்.

6. ரவிவர்மா படங்கள்

ரவிவர்மா அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கியது. அந்தக் கல்லச்சுப் படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். நான்கு வண்ணப் புள்ளிகள் வரிசை பிசகாமல் பூப்போல அமைந்திருந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. சட்டம் பழசாக இருப்பதை நம்பாதீர்கள். பழைய சட்டத்தில் புதுப்படம் போடுவது சுலபம்.

7. விலை பேசுவது

பித்தளைக்கு முதலில் “எடைக்கா, பீஸுக்கா?” என்று கேளுங்கள். அன்றைய பழைய பித்தளையின் கிலோ விலை தெரிந்திருந்தால், வேலைப்பாட்டுக்கு எவ்வளவு கேட்கிறார் என்பது புரியும். காலையில் போணிக்கு முன் வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை பேசாதீர்கள். நாலைந்து பொருளைச் சேர்த்து வைத்து, “அண்ணே, எல்லாத்துக்கும் சேத்து ஒரு வெல சொல்லுங்க” என்று கேட்டால் கொஞ்சம் இறங்கி வரும்.

8. தொடக் கூடாதவை

யானைத் தந்த வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்த வணிகத்துக்குத் தடை இருக்கிறது. கோயில் சிலை, விக்கிரகம் பக்கமே போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்கள், வாங்கும் பொருள் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டியிருக்கும். எதை வாங்கினாலும் பொருளின் விவரம் எழுதிய ரசீது கேளுங்கள்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

சமைப்பதானால் பித்தளைக்கு வெள்ளீயம் பூசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புளி பட்டதும் களிம்பேறும். பழைய விளக்கு, மின்விசிறிகளுக்கு வயர் மாற்றாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் போட்டுக் கையால் தேயுங்கள். பாலிஷ் மெஷினில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மெஷின் பளபளப்பைத் தரும், ஆனால் பெயர் வெட்டைத் தேய்த்துவிடும். அந்தச் சாமானின் வயதுக்கும் வந்த வழிக்கும் உங்களிடம் உள்ள சாட்சி அந்தப் பெயர்தான்.