கிளிக் சத்தத்தை நம்பாதீர்கள்

பேட்டரியில் ஓடும் தோட்ட டிராக்டர் நின்றுபோனால், "பேட்டரி போயிடுச்சு" என்பார்கள். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் பழி மோட்டார் மேல் விழும். இரண்டும் விலை கூடிய பொருள்கள். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருந்தது: அரித்துப்போன ஒரு லக் (கேபிள் முனை), கருகிப்போன ஒரு கான்டாக்ட், ஒழுங்காக மூடாத ஒரு சுவிட்ச். அதைக் கண்டுபிடிக்கச் சாதாரண மல்டிமீட்டரும் பொறுமையும் போதும்.

நான் பழகி வருவது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எலெக்-ட்ராக். 1969-இல் அமெரிக்காவில் அறிமுகமான வண்டி. ஆறு வோல்ட் பேட்டரி ஆறு, சீரீஸில் கோத்து மொத்தம் 36 வோல்ட். நியூயார்க் மாநிலத்தில் நான் வசிக்கும் பகுதியில் இன்னும் சிலர் இதை வைத்துப் புல் வெட்டுகிறார்கள், பனி தள்ளுகிறார்கள். சுவிட்ச், கான்டாக்டர், ரெசிஸ்டர், மோட்டார் என எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பாகங்கள். ஐம்பது வருட ஈரமும் அதிர்வும் பட்டால் எந்த இணைப்பும் தளரத்தான் செய்யும். அதைச் சரிசெய்ய இடம் கொடுக்கும் வண்டி என்பதால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம்.

கை வைக்கும் முன்

36 வோல்ட்தானே என்ற அலட்சியம் வேண்டாம். ஷாக் அடிப்பது அரிது. ஆனால் ஸ்பேனர் இரண்டு டெர்மினல்களில் ஒரே நேரத்தில் பட்டால் பல நூறு ஆம்பியர் பாயும், இரும்பே உருகும். மோதிரம், வாட்ச், உலோகச் சங்கிலியைக் கழற்றுங்கள். ஸ்பேனரின் கைப்பிடிக்கு டேப் சுற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். சார்ஜ் முடிந்து காற்றோட்டம் கிடைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். ஓட்டுச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டு மேல் நிறுத்துங்கள். கோளாறு சரியாகும் அந்த நொடியில் வண்டி பாயக்கூடும்.

லோடில் அளக்காத வோல்ட் வீண்

முழு சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்த ஆறு வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 6.3 வோல்ட் காட்டும். ஆறும் சேர்ந்து 38 வோல்ட். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேட்டரி நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. ஓய்வில் 6.2 காட்டும் பேட்டரி, புல் வெட்டும்போது 4.5-க்குச் சரிவதுண்டு. லோடு ஓடும்போது ஆறையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஐந்து ஒரே அளவில் நின்று ஒன்று மட்டும் விழுந்தால், அதுதான் மற்ற ஐந்தையும் இழுத்துப் போடுகிறது. சீரீஸில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால் நலிந்த ஒன்றே முழு வண்டியின் அளவுகோல். ஹைட்ரோமீட்டர் இருந்தால் செல் செல்லாகப் பாருங்கள்: முழு சார்ஜில் 1.265-ஐ ஒட்டி வர வேண்டும்.

வோல்ட் எங்கே தொலைகிறது?

ஆறும் நன்றாக இருந்தும் வண்டி மேட்டில் திணறினால் கேபிள்களைப் பாருங்கள். பலர் மீட்டரை ஓம் நிலையில் வைத்து கேபிளைச் சோதிப்பார்கள். பூச்சியம் காட்டும், கேபிள் நல்லது என்று விட்டுவிடுவார்கள். சாதாரண மீட்டர் 0.02 ஓம் வித்தியாசத்தை நம்பும்படி காட்டாது. ஆனால் 100 ஆம்பியர் பாயும்போது அந்த 0.02 ஓமிலேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். 200 வாட் அந்த ஒரே இடத்தில் சூடாக மாறும்.

எனவே வோல்ட் நிலையில்தான் தேட வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி டெர்மினல் மேலும், மறுமுனையை கேபிளின் அடுத்த கோடியில் உள்ள போல்ட் மேலும் வையுங்கள். லோடில் 0.1, 0.2 வோல்ட் வந்தால் பரவாயில்லை. சக்கரம் தூக்கிய நிலையில் மோட்டாருக்கு வேலையே இல்லை என்பதால் இந்தச் சோதனை அங்கே பலிக்காது. நீளமான ஒயரில் முதலைக் கிளிப் போட்டு, மீட்டரை ஸ்டீயரிங் பக்கத்தில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.

இப்படிப் பார்த்தபோது ஒரு வண்டியில், இரண்டு பேட்டரிகளை இணைக்கும் ஒரு சாண் கேபிளில் மட்டும் 1.9 வோல்ட் காட்டியது. வெளியில் பளபளவென்று இருந்த கேபிள் அது. உறையைக் கீறினால் உள்ளே செம்பு இழைகள் கறுத்து, லக்கின் வாயில் பச்சைப் பொடி. ஆசிட் ஆவி உள்ளே ஏறி அரித்திருந்தது. அரித்த கேபிளைச் சுரண்டிப் பயனில்லை. புதுக் கேபிளும், நன்றாக அழுத்திக் கிரிம்ப் செய்த லக்கும் போடுங்கள். டெர்மினல்களை ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். ஒரு சொட்டும் செல்லுக்குள் போகக் கூடாது.

கான்டாக்டரும் சுவிட்சுகளும்

சாவியைத் திருப்பினால் "கிளிக்" என்று கேட்கும், வண்டி நகராது. அந்தச் சத்தம் கான்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்சின் சுருளுக்கு மின்சாரம் வந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே கான்டாக்ட் கருகியிருந்தால் சத்தம் வரும், மின்சாரம் போகாது. அதன் இரண்டு பெரிய போல்ட்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். திறந்திருக்கும்போது 36 வோல்ட் இருக்கலாம். கிளிக் கேட்டதும் அது பூச்சியத்துக்கு அருகே விழ வேண்டும். விழவில்லை என்றால் கோளாறு அங்கேதான்.

கிளிக்கே கேட்காவிட்டால் சாவி, இருக்கைச் சுவிட்ச், பிரேக் சுவிட்ச் என்ற பாதுகாப்புச் சங்கிலியில் எங்கோ அறுந்திருக்கிறது. கறுப்பு முனையை பேட்டரித் தொகுப்பின் மைனஸில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு சுவிட்சாக நகர்த்துங்கள். 36 வோல்ட் எங்கே மறைகிறதோ அங்கே நிறுத்துங்கள். இருக்கைச் சுவிட்சை நிரந்தரமாக ஒயர் போட்டுக் கட்டிவிடாதீர்கள். ஓட்டுபவர் விழுந்தால் பிளேடை நிறுத்துவது அதுதான். மாற்றும்போது டிசிக்கு ஏற்ற சுவிட்சே வாங்குங்கள். ஏசி மின்சாரம் நொடிக்குப் பலமுறை பூச்சியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அது நின்று எரியும்.

நகரும், ஆனால் சரியாக ஓடாது

குறைந்த வேகத்தில் நகராமல், லீவரைக் கூட்டியதும் குதித்துப் பாய்ந்தால் வேக ரெசிஸ்டர் ஒன்று அறுந்திருக்கும். அதிவேகத்தில் மட்டும் கோளாறு என்றால், மோட்டாரின் ஃபீல்டு மின்னோட்டத்தைக் குறைக்கும் பகுதியைப் பாருங்கள். லீவரைத் தொட்டதும் கட்டுப்பாடில்லாமல் வேகம் எகிறினால் உடனே மெயினைத் துண்டியுங்கள். ஃபீல்டு ஒயர் கழன்றிருக்கலாம், மோட்டார் தன்னையே சிதைத்துக்கொள்ளும். மோட்டாரில் கடைசியாகப் பார்க்க வேண்டியது கார்பன் பிரஷ். தேய்ந்ததா, ஸ்பிரிங் தளர்ந்துபோனதா, கூட்டில் தடையில்லாமல் நகர்கிறதா என்று பார்த்து, கார்பன் தூசியை உறிஞ்சி எடுங்கள்.

பழைய ஈயப் பேட்டரிக்குப் பதிலாக லித்தியம் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டில் வண்டி திடீரென்று செத்து, சிறிது நேரத்தில் தானே உயிர் பெற்றால், பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் கூடுதல் மின்னோட்டத்தைக் கண்டு துண்டித்திருக்கலாம். அதன் ஆம்பியர் வரம்பை மோட்டாரோடு ஒப்பிடுங்கள்.

குளிர்காலமும் ஒரு தாளும்

இங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி வரும். முழு சார்ஜில் உள்ள ஈயப் பேட்டரி அதைத் தாங்கும். வடிந்துபோனது பூச்சியத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து வெடிப்பு விடும். சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டு, வசந்தத்தில் எடுக்கும்போது எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே அளந்து எழுதி வையுங்கள்: ஆறு பேட்டரியின் ஓய்வு வோல்ட், லோடு வோல்ட், ஒவ்வொரு கேபிளிலும் தொலையும் வோல்ட், கான்டாக்டரின் இரு பக்கம். ஒயரிங் படத்தோடு அந்தத் தாளையும் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். கோளாறு வரும் நாளில் அந்த எண்களோடு ஒப்பிட்டால், எது மாறியது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பேட்டரி ஆட்டோ வைத்திருப்பவருக்கும் இதே முறைதான். அளந்து பார்க்கும் வரை எதையும் வாங்காதீர்கள்.