இருளில் ஒளிரும் நட்சத்திரம்



டிசம்பர் பிறந்தாலே, "நம்ம வீட்டுல ஸ்டார் எப்ப கட்டுவீங்க?" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். காகித ஸ்டாருக்குள் மெழுகுவர்த்தி வைப்பதும், ஒட்டுப்போட்ட வயரில் பல்பு மாட்டுவதும் எவ்வளவு ஆபத்து! ஒரு பொறி போதுமே. நெருப்பும் கரண்டும் இல்லாமல் இருட்டில் ஒளிரும் நட்சத்திரத்தை வீட்டிலேயே செய்யலாம். அதைச் செய்யும்போதே பிள்ளைகளுக்கு ஒரு சத்தியத்தையும் சொல்லிக்கொடுக்கலாம்.

1. எது உண்மையில் ஒளிரும்?

கடையில் "ரேடியம் ஸ்டிக்கர்" என்று கேட்டால் பெரும்பாலும் வண்டிகளில் ஒட்டுகிற ஸ்டிக்கரைத்தான் தருவார்கள். அதன்மேல் விளக்கு அடித்தால் மின்னும். விளக்கு போனால் அதுவும் போச்சு. இன்னொன்று, கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் பெயிண்ட். அதுவும் இருட்டில் தானாக ஒளிராது. மூன்றாவது வகைதான் நமக்கு வேண்டியது. அது வெளிச்சத்தை வாங்கி உள்ளே வைத்திருந்து, இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

"ரேடியம்னா விஷமாச்சே!" என்று சிலர் பயப்படலாம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1898-ல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்த ரேடியத்தை அக்காலத்தில் கடிகார முகப்புகளில் பூசினார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியில் அந்த வேலை செய்த பெண்கள் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால், 1920-களில் பலர் வியாதிப்பட்டு மரித்தார்கள். இன்று நல்ல ஒளிரும் பவுடராக விற்கப்படுவது ஸ்ட்ரான்சியம் அலுமினேட். இது 1993-ல் ஜப்பானில் உருவாக்கப்பட்டது. இதில் ரேடியம் இல்லை. வாங்கும்போது அந்தப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் கலந்த பச்சை நிறமே அதிகப் பிரகாசமாகத் தெரியும்.

2. செய்யும் முறை

(அ) தடித்த அட்டையில் ஐந்து முனை நட்சத்திரம் வெட்டி, வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். கறுப்பு அட்டையில் பூசினால் ஒளி மங்கிவிடும்.

(ஆ) ஒரு ஸ்பூன் பவுடருக்கு மூன்று ஸ்பூன் கிளியர் வார்னிஷ் சேருங்கள். தண்ணீர் கலக்காதீர்கள், ஈரம் பட்டால் சாதாரணப் பவுடர் கெட்டுப்போகும். இரும்புக் கரண்டி வேண்டாம், மரக்குச்சியால் கலக்குங்கள்.

(இ) இரண்டு மூன்று தடவை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய வேண்டும்.

(ஈ) பகலில் கால் மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு இருட்டறையில் தொங்கவிடுங்கள். முதல் சில நிமிடம் பளிச்சென்று இருந்து, பின்பு மெல்ல மங்கி, நெடுநேரம் மெல்லிய ஒளி தரும்.

மீதியிருக்கும் பெயிண்டில் ஒரு அட்டையில் "இம்மானுவேல்" என்று எழுதிப் பிள்ளைகள் படுக்கும் அறையில் மாட்டலாம்.

பெற்றோரே, கவனியுங்கள்! பவுடரையும் வார்னிஷையும் கலக்கும் வேலை பெரியவர்களுடையது. ஜன்னலைத் திறந்து, மூக்கில் துணி கட்டி, அடுப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். பிரஷ்ஷை வாயில் வைக்க விடாதீர்கள். விழாக்களில் விற்கும் ஒளிரும் குச்சிகளை உடைத்து அந்தத் திரவத்தை ஊற்றவே கூடாது. உள்ளே கண்ணாடிக் குழாய் இருக்கிறது. கண்ணில் பட்டால் எரியும்.

3. இதிலுள்ள பாடம்

இரண்டு நட்சத்திரங்கள் செய்யுங்கள். ஒன்றை வெயிலில் வையுங்கள். மற்றொன்றை ஒரு நாள் முழுவதும் பீரோவுக்குள் பூட்டி வையுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பீரோவில் இருந்ததை இருட்டிலேயே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். அதே அட்டை, அதே பவுடர், அதே கை செய்தது. ஆனாலும் ஒன்று ஒளிரும், மற்றொன்று இருண்டு கிடக்கும். ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள்!

மோசே நாற்பது நாள் இரவும் பகலும் கர்த்தரோடே இருந்து மலையிலிருந்து இறங்கினபோது, அவன் முகம் பிரகாசித்ததை யாத்திராகமம் 34-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது அவனுக்கே தெரியாது! பெற்றுக்கொண்ட ஒளியே வெளியே தெரிந்தது.

நம்மில் சிலர் அந்த வண்டி ஸ்டிக்கர் மாதிரி. ஆராதனையில் இருக்கும்வரை மின்னுவோம், வாசலைத் தாண்டினதும் போச்சு. நல்ல பெயிண்டும்கூட நேற்று வாங்கின வெளிச்சத்தை நம்பி இன்று இரவு முழுவதும் ஒளிராது. தினமும் வெளிச்சத்துக்கு வர வேண்டும். அதிகாலை ஜெபம் அதற்காகத்தானே?

இந்தக் கிறிஸ்துமஸ் இரவில் பத்து நிமிடம் விளக்கை அணைத்து, அந்த நட்சத்திரத்தின் கீழே குடும்பமாக உட்கார்ந்து ஜெபியுங்கள். மெய்யான ஒளியாகிய கர்த்தர் உங்கள் வீட்டைப் பிரகாசிப்பிப்பாராக. ஆமென்!

குடும்ப ஜெபத்தில் பேச: இந்த வாரம் எந்த நாளில் வெளிச்சத்துக்கு வராமல் இருந்தோம்? நம் வீட்டு ஒளி எந்த அயலாருக்குத் தெரிந்தது?