த்ரெட் தின்ற நேரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சர்வர் திணறுகிறது. உள்ளே பல த்ரெட்கள் ஓடுகின்றன. சிபியுவை விழுங்குவது எது என்று கேட்டால், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் இயங்குதளம் ஓர் எண்ணைத் தரும். ஷெட்யூலர் அந்த த்ரெட்டின் பெயரில் எழுதி வைத்திருக்கும் பற்றுக் கணக்கு அது. எதை, எப்போது எழுதியது என்று பார்க்காமல் படித்தால் நிரபராதிதான் மாட்டிக்கொள்ளும்.

நம்பிக்கை: தொடக்கத்தில் மணி பார்த்து, முடிவில் மணி பார்த்துக் கழித்தால் சிபியு நேரம் கிடைத்துவிடும்.

உண்மை: கிடைப்பது சுவர்க் கடிகார நேரம். பைத்தானில் ஒரு த்ரெட்டை ஐந்து விநாடி தூங்கவிட்டு, 'பெர்ஃப்_கவுன்டர்', 'த்ரெட்_டைம்' இரண்டாலும் அளந்து பார்க்கலாம். முன்னது ஐந்து விநாடி என்னும். பின்னது ஏறக்குறைய பூஜ்யம் என்னும். டேட்டாபேஸின் பதிலுக்காகவோ பூட்டுக்காகவோ தூங்கிக் காத்திருக்கும் த்ரெட்டும் இப்படித்தான்: நேரம் போகும், பற்று ஏறாது.

நம்பிக்கை: சி மொழியின் 'க்ளாக்' சார்பு, அதை அழைக்கும் த்ரெட்டின் நேரத்தைத் தரும்.

உண்மை: லினக்ஸில் அது முழு ப்ராசஸின் கூட்டுத்தொகை. நான்கு கோர்களில் நான்கு த்ரெட்கள் ஒரு விநாடி முழுமூச்சாக ஓடினால், விடை சுமார் நான்கு விநாடி. மைக்ரோசாஃப்டின் சி நூலகத்திலோ அதே பெயர் கொண்ட சார்பு, ப்ராசஸ் தொடங்கியதிலிருந்து கடந்த சுவர்க் கடிகார நேரத்தைத் தருகிறது. ஒரே நிரலை இரண்டு இடங்களில் ஓட்டி ஒப்பிடுபவர் குழம்பாமல் என்ன செய்வார்? த்ரெட்டுக்கென்றே தனி வழிகள் இருக்கின்றன. லினக்ஸில் 'க்ளாக்_கெட்டைம்' சார்பிடம் த்ரெட் சிபியு கடிகாரத்தைக் கேட்கலாம். விண்டோஸில் 'கெட்த்ரெட்டைம்ஸ்' உண்டு. ஜாவாவில் 2004-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்தே 'த்ரெட்எம்எக்ஸ்பீன்' உண்டு. பைத்தானின் 'த்ரெட்_டைம்' 2018-இல் 3.7 பதிப்பில் சேர்ந்தது.

நம்பிக்கை: 'டாப்' கருவி 400 சதவீதம் காட்டினால் அது பிழை.

உண்மை: லினக்ஸில் வழக்கமாக 100 என்பது ஒரு கோரின் அளவு. 'டாப்' ஓடும்போது பெரிய எழுத்து 'எச்'-ஐ அழுத்தினால் த்ரெட்கள் தனித்தனி வரிகளாகப் பிரிந்து நிற்கும்.

நம்பிக்கை: எண் நானோவிநாடியில் வந்தால் துல்லியமும் நானோவிநாடிதான்.

உண்மை: அலகு வேறு, துல்லியம் வேறு. விண்டோஸின் 'கெட்த்ரெட்டைம்ஸ்' 100 நானோவிநாடி அலகில் பேசும். ஆனால் அந்தக் கணக்கு நெடுங்காலமாக, சுமார் 15.6 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அடிக்கும் டிக்கை ஒட்டியே ஏறி வந்தது. லினக்ஸின் 'ப்ராக்' கோப்பகத்தில் த்ரெட்டின் 'ஸ்டாட்' கோப்பு காட்டும் நேரம் பெரும்பாலும் விநாடியில் நூறில் ஒரு பங்கு அலகில் இருக்கும்.

டிக்கை வைத்தே நேரம் எழுதிய பழைய முறையில், டிக் அடிக்கும் கணத்தில் சிபியுவில் எது இருக்கிறதோ, அதன் தலையில் முழு டிக்கும் விழும். பரிசோதகர் எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று தெரிந்தவர், முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி டிக்கெட் இல்லாமல் தப்புவதுபோல, டிக்குக்குச் சற்று முன் தூங்கிவிடும் நிரல் கணக்கில் சிக்காது. டான் ட்சாஃப்ரிர், யோவ் எட்சியோன், டிரோர் ஃபைட்டெல்சன் ஆகிய ஆய்வாளர்கள் 2007-இல் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் இந்த ஏமாற்றைச் செய்தே காட்டினார்கள். சாதாரணப் பயனரின் நிரலே சிபியுவைக் கமுக்கமாக வளைத்துப்போட முடிந்தது. அதே ஆண்டு லினக்ஸ் 2.6.23-இல் வந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலர், ஓடிய நேரத்தை நானோவிநாடியில் கணக்கிட்டது. இன்றும் வழக்கமான அமைப்பில் மொத்த நேரம் துல்லியம். அதில் பயனர் பங்கு எவ்வளவு, கெர்னல் பங்கு எவ்வளவு என்ற பிரிவினை மட்டும் டிக் மாதிரிகளை வைத்துச் செய்யும் மதிப்பீடு.

நம்பிக்கை: அதிக சிபியு நேரம் எடுத்த த்ரெட்தான் அதிக வேலை செய்தது.

உண்மை: ஸ்பின்லாக்கில் சுற்றிக்கொண்டே பூட்டுக்காகக் காத்திருக்கும் த்ரெட் எதையும் சாதிக்காது, பற்று மட்டும் முழுதாக ஏறும். கேஷில் இல்லாத தரவு நினைவகத்திலிருந்து வரும் வரை கோர் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் முடங்கலாம். அதுவும் ஓடிய நேரமாகவே பதிவாகும். ஹைப்பர்த்ரெடிங்கில் ஒரே கோரைப் பங்கிடும் இரண்டு த்ரெட்களும், ஒன்றால் மற்றொன்று மந்தமானாலும், ஆளுக்கு முழு நேரம் ஓடியதாகவே கணக்கில் நிற்கும். 'பெர்ஃப்' கருவியில் ஒரு சுழற்சிக்கு எத்தனை கட்டளைகள் முடிந்தன என்று பார்த்தால் வேறுபாடு தெரியும்.

நம்பிக்கை: ஜாவாவில் எந்த த்ரெட்டின் செலவையும் 'த்ரெட்எம்எக்ஸ்பீன்' கொண்டு அளந்துவிடலாம்.

உண்மை: ஒரு த்ரெட் குவித்த குப்பையைப் பெரும்பாலும் தனி ஜிசி (குப்பை சேகரிப்பு) த்ரெட்கள் அள்ளுவதால், அந்தச் செலவு குவித்தவரின் கணக்கில் வராது. 2023-இல் 21-ஆம் பதிப்பில் நிலைபெற்ற விர்ச்சுவல் த்ரெட்களின் நிலை இன்னும் சிக்கல். அவை கேரியர் த்ரெட்களில் ஏறி இறங்கி ஓடுபவை; இயங்குதளம் அறிவது கேரியரை மட்டுமே. விர்ச்சுவல் த்ரெட்டின் சிபியு நேரத்தை 'த்ரெட்எம்எக்ஸ்பீன்'-இடம் கேட்டால் விடை -1. கேரியரின் நேரத்தைக் கேட்டால், அதில் ஏறிய எல்லோருடைய செலவும் பிரிக்க முடியாமல் ஒன்றாகவே வந்து சேரும்.