உத்தரவாதம் முடியுமுன் டிராக்டரைச் சோதியுங்கள்

டிராக்டரின் உத்தரவாதக் காலம் ஆண்டுக்கணக்கிலும் ஓடிய மணிக்கணக்கிலும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அத்துடன் தீர்ந்துவிடும். பாவூர்சத்திரம் வட்டாரத்தில் சொந்த வயலோடு அக்கம்பக்கத்து வயலிலும் உழுகிறவர்கள் மணிகாட்டியை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நலம்.

முடிய ஒரு மாதம் இருக்கும்போதே வண்டியைச் சோதித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் புழுதி பறக்க உழுத வண்டியானால், காற்று வடிகட்டியிலிருந்து என்ஜினுக்குச் செல்லும் ரப்பர் குழாயை முதலில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மண் உள்ளே போய்ப் பிஸ்டன் வளையங்களைத் தேய்த்துவிடும். பிறகு பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவார்கள். தொளி உழவு செய்த வண்டியில் கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஆயில் சீல் தேய்மானப் பொருள்தான். ஆனால் மாற்றிய சீல் திரும்பத் திரும்பக் கெட்டால் கோளாறு வேறிடத்தில் இருக்கலாம். விடாமல் கேளுங்கள்.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ஜாப் கார்டில் தேதி, மணிக்கணக்கு, குறை மூன்றையும் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். உத்தரவாதக் காலத்தில் எழுத்தில் பதிந்த குறை பின்னர் மீண்டும் தலைகாட்டினால், காலம் முடிந்ததென்று கைகழுவுவது எளிதன்று.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே வாங்கியவரும் நுகர்வோரே. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் விற்ற இயந்திரம் பற்றிய லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. பல வண்டிகளை ஆள் வைத்து வாடகைக்கு விடுபவருக்கு இந்த வழி கடினம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். சர்வீஸ் சீட்டுகளையும் உதிரிபாக பில்களையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.