அரைஞாண் கயிறு சொல்லும் சேதி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் சுகரைப் பற்றிப் பேச்செடுத்தால், பாதிப்பேர் ‘தலையெழுத்து’ என்பார்கள். மீதிப்பேர் ‘நமக்கெல்லாம் வராது’ என்பார்கள். இரண்டுமே சரியில்லை.

நம்பிக்கை: “அப்பாவுக்கு சுகர், எனக்கும் வந்தே தீரும்.”

உண்மை: பரம்பரையில் வருவது வியாதி அல்ல, அதற்கான வாய்ப்பு. 2006-இல் ஐஸ்லாந்தில் கண்டறியப்பட்ட டிசிஎஃப்7எல்2 மரபணு மாறுபாடு, பிறகு சென்னை ஆய்வில் நம்மவர்களிடமும் தென்பட்டது. இன்சுலின் சுரப்பை மந்தமாக்கும் அந்த மாறுபாடு ஒன்றிருந்தால், ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதே 2006-இல் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுகர் வரும் விளிம்பில் இருந்தவர்களை மூன்றாண்டு கவனித்ததில், சும்மா இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு வந்துவிட்டது. நடந்து, உணவைத் திருத்திக்கொண்டவர்களில் 39 சதவீதம்தான்.

நம்பிக்கை: “காட்டு வேலை செய்கிற உடம்பு, சுகர் அண்டாது.”

உண்மை: பருத்திக் காட்டில் குனிந்து நிமிர்ந்த காலம் வேறு. இப்போது உழவுக்கு டிராக்டர், மக்காச்சோளம் அடிக்க மெஷின், டீக்கடைக்குப் போக பைக். தட்டில் சோறு மட்டும் அதே குவியல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு.

நம்பிக்கை: “ஒல்லியான ஆளுக்கு ஏது சுகர்?”

உண்மை: கைகால் குச்சியாக இருக்கும், தொப்பை மட்டும் தள்ளியிருக்கும். ஆபத்து அங்கேதான். கொழுப்புச் செல்கள் சுரக்கும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன், இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவுகிறது. வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர, அந்த ஹார்மோன் குறைகிறது.

நம்பிக்கை: “ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்.”

உண்மை: மரபணுவும் அடிபோனெக்டினும் ஆய்வாளர்களுக்குத் தடயங்கள், நோயை உறுதிசெய்வது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126, அல்லது மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம், இவற்றைத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வாசலுக்கே வருகிறார்கள். ‘எனக்கு ஒண்ணுமில்லம்மா’ என்று திருப்பி அனுப்பாமல் விரலை நீட்டுங்கள்.

இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. டேப் இல்லையா? போன பொங்கலுக்குக் கட்டிய அரைஞாண் கயிறு இப்போது சதையில் தடம் பதிக்கிறதா, பாருங்கள். கயிற்றைத் தளர்த்திக் கட்டுவதற்கு முன்னால், ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.