மீன் ஏறும் வழி

நீலகிரியில் பெய்யும் மழையின் ஒரு பகுதி மோயாறாகவும் பவானியாகவும் இறங்கிக் காவிரியில் சேர்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலால் நீர் அப்பக்கமே சாய, தஞ்சைக் கழனிகள் வாடின. அக்குறை நீங்க ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் எழுப்பியதே மேலணை. 2018 ஆகஸ்டு 22 அன்று இரவு, வெள்ளத்தின் வேகத்தில் அதன் 45 மதகுகளுள் ஒன்பது சரிந்தன. பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது.

அணை உடைந்தால் பாசனத்திற்கு என்ன கேடு என்பதை உழவர் அறிவர். அணை நிற்பதால் மீனுக்கு விளையும் கேடு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலை நாடும். உல்லம் என்னும் மீனோ கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் எதிரேறும். இரண்டிற்கும் குறுக்குச் சுவர் தடையே. ஆற்றணைகள் மீன்வளத்தைக் குறைப்பதை மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சுட்டினார். கங்கையில் அலகாபாத் வரை சென்ற உல்லம், 1975இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அங்கே அருகிவிட்டது.

இதற்கு மாற்று, மீன்வழி. அணையின் ஓரத்தில் சிறு தொட்டிகளைப் படிபோல் அமைத்து நீரை வழியவிடுவர்; மீன் ஒவ்வொரு தொட்டியிலும் இளைப்பாறி மேலேறும். ஆனால் எல்லா மீனுக்கும் ஒரே படி பொருந்தாது. துள்ளித் தாவும் சால்மனுக்கென மேலைநாட்டார் வகுத்த உயர்ந்த படியில் உல்லம் ஏறாது. அது தாவும் மீனன்று. அதற்குத் தாழ்ந்த படியும் அகன்ற வழியும் வேண்டும். இளம் விலாங்கிற்கோ ஈரமான சொரசொரப்புச் சரிவே போதும். வழியின் வாயிலும் அணையின் அடியை ஒட்டியே இருத்தல் வேண்டும். தள்ளி அமைந்தால், சுவரை முட்டி நிற்கும் மீன் அதைக் காணாது.

நிற்கும் அணையில் இதனைச் சேர்க்க அடித்தளத்தையே அறுக்க நேரிடும். வெள்ளம் சிதைத்த அணையைப் புதிதாகக் கட்டுங்கால் வரைபடத்தில் ஓர் ஓரத்தை ஒதுக்கினால் போதும். பாசன நீர் குறையுமே என்ற ஐயம் எழலாம், அது நியாயமானதே. ஆயினும் உல்லம் ஏறுவது வெள்ளக் காலத்தில். அப்போது கொள்ளிடத்தில் திறக்கப்படுவது, எப்படியும் கடலுக்குச் செல்லும் மிகைநீர்.